சும்பாவில் 30 வருடக் குத்தகை: கையெழுத்துப் போடும் முன்

நண்பர் ஒருவரின் கேள்வி இது: "இந்தோனேசியாவின் சும்பா தீவில், கடலைப் பார்த்தபடி 50 ஆரே, அதாவது ஒன்றேகால் ஏக்கர் நிலம் 30 வருடக் குத்தகைக்கு வருகிறது. அதில் சொகுசு வில்லா கட்டி, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்கும் நிதானப் பயணிகளுக்கு விடலாம், ஆண்டுக்கு 15 சதவீதம் கிடைக்கும் என்கிறார் முகவர். 30 வருடத்துக்கு முன் பாலி இருந்த நிலையில்தான் இப்போது சும்பா இருக்கிறதாம். பணம் போடலாமா?"

முகவர் சொல்லும் வடிவில் வேண்டாம். வேறொரு வடிவில் யோசிக்கலாம். ஆனால் அதற்கு முன் நீங்கள் ஒரு வறட்சிக்காலத்தை அந்தத் தீவில் கழித்திருக்க வேண்டும். ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன். இதில் அடிபடப்போவது உங்கள் பணம் மட்டுமில்லை, அந்த நிலத்தைச் சுற்றி வாழ்கிறவர்களும்தான்.

"30 வருடத்துக்கு முந்தைய பாலி" என்ற வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். இந்தோனேசியாவில் எந்தத் தீவில் நிலம் விற்றாலும் இதைச் சொல்கிறார்கள். சும்பாவைப் பொறுத்தவரை இது அடிப்படையிலேயே தவறு. பாலி எரிமலைத் தீவு. அதன் மலைகளில் ஏரிகள் இருக்கின்றன, அங்கிருந்து ஆறுகள் இறங்கி வருகின்றன, வயல்களுக்கு நீர் பங்கிடும் சுபாக் முறை நூற்றாண்டுகளாக நடக்கிறது. சும்பா எரிமலை வரிசைக்குத் தெற்கே விலகிக் கிடக்கிறது. அங்கே எரிமலையே இல்லை. பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையும் புல்வெளியும். பரப்பில் பாலியைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, சுமார் 11,000 சதுர கிலோமீட்டர். மக்கள் எட்டு லட்சம் பேர் அளவில். தீவின் கிழக்குப் பகுதி இந்தோனேசியாவிலேயே மிக வறண்ட நிலங்களில் ஒன்று. மேற்கில் மழை கூடுதல்தான், ஆனாலும் அங்கேயும் வருடத்தில் பாதிக்கு மேல் வறட்சி. பாலியைச் சுற்றுலாத் தலமாக்கிய தண்ணீர் இங்கே இல்லை. முகவரின் படத்தில் பச்சைப் பசேலென்று தெரியும் குன்று பிப்ரவரியில் எடுத்தது. செப்டம்பரில் அதே குன்று வைக்கோல் நிறத்தில் இருக்கும். எனக்கு அந்த நிறம் மிகவும் பிடிக்கும், அது வேறு விஷயம்.

ஆகவே நிலப் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், ஒழுகியதும் ஆவியானதும் போக சுமார் 1,90,000 லிட்டர் சேரும். வில்லாவில் விருந்தினர் நான்கு பேர், வேலை செய்கிறவர்கள் நான்கு பேர், தலைக்கு 150 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 1,200 லிட்டர். கூரைத் தண்ணீர் ஐந்து மாதத்துக்கு வரும். மீதி ஏழு மாதத்துக்கு என்ன வழி? அதோடு, இந்த மழை வருடம் முழுக்கப் பரவலாகப் பெய்வதில்லை. பெரும்பகுதி டிசம்பர் முதல் மார்ச் வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். பிடித்து வைக்கத் தொட்டி வேண்டும், அதற்கு இடமும் செலவும் வேண்டும். இந்தக் கணக்கில் நீச்சல் குளத்தை நான் சேர்க்கவே இல்லை. எட்டுக்கு நான்கு மீட்டர் குளத்திலிருந்து, நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 160 லிட்டர் போய்விடும். ஒரு ஆள் குளித்துச் சமைத்துக் குடிக்கும் தண்ணீரைவிட அது அதிகம்.

"ஆழ்துளைக் கிணறு போட்டால் போயிற்று" என்பார் முகவர். கடலோரச் சுண்ணாம்புப் பாறையில் நல்ல தண்ணீர், உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை அது இறங்கி நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய விதி. அதை மறுபக்கமிருந்து படியுங்கள். மோட்டார் வைத்து இறைத்து நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 மீட்டர் ஏறி வரும். உங்கள் கிணறு கெட்டால் நீங்கள் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்வீர்கள். அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராமத்தின் கிணறும் சேர்ந்து கெட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? சும்பாவில் தண்ணீருக்காகப் பெண்களும் பிள்ளைகளும் வெகுதூரம் நடப்பது இன்றும் நடக்கிற காரியம். அக்டோபரில், மழைக்கு முன், கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து உப்பளவு சொல்லும் அறிக்கை இல்லாமல் அங்கே எந்த நிலத்துக்கும் விலை பேசாதீர்கள்.

அடுத்தது உரிமை. 1960இன் 5ஆம் எண் நிலச் சட்டப்படி, ஹக் மிலிக் எனப்படும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி, பின்னால் ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். நேராகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு ஹக் மிலிக் போய்ச் சேரும்படி செய்யும் எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்று அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. இந்த வழியில் வாங்கி, பெயர் கொடுத்தவர் இறந்த பிறகு அவருடைய பிள்ளைகளிடம் கெஞ்சிக்கொண்டு நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. பத்திரத்தில் இருப்பது அவர்களுடைய அப்பாவின் பெயர்தான்.

வெளிநாட்டவருக்கு மிச்சமிருப்பது ஹக் பக்காய், அதாவது பயன்பாட்டு உரிமை, அல்லது குத்தகை. நிறுவனம் தொடங்கினால் ஹக் குனா பங்குனான் எனும் கட்டட உரிமை கிடைக்கும். 2021இன் 18ஆம் எண் அரசாணைப்படி இது முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. இது நில அலுவலகத்தில் பதிவாகும் உரிமை. உங்கள் முகவர் சொல்லும் குத்தகை அப்படியில்லை, இரண்டு பேருக்குள் நோட்டாரிஸ் (நோட்டரி) முன்னால் போடும் ஒப்பந்தம் மட்டும். அதற்கும் ஒரு பலம் உண்டு: உரிமையாளர் நிலத்தை வேறொருவருக்கு விற்றாலும் குத்தகை முறியாது என்று அவர்களுடைய சிவில் சட்டம் சொல்கிறது. "30 வருடம் முடிந்ததும் இன்னும் 30 வருடம் நிச்சயம்" என்று எழுதியிருக்கும் வரியை மட்டும் நம்பாதீர்கள். அன்றைய சந்தை விலைக்கு, அன்றைய வாரிசுகள் சம்மதித்தால் என்பதுதான் அதன் உண்மைப் பொருள்.

இந்த இடத்தில் முகவர்கள் பெரும்பாலும் வாய் திறக்காத ஒன்று இருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது ஒன்று, அதில் காசு வாங்கி விருந்தினரைத் தங்கவைப்பது வேறொன்று. வெளிநாட்டவர் அதைத் தொழிலாகச் செய்ய பிடி பிஎம்ஏ எனப்படும் அந்நிய முதலீட்டு நிறுவனம் வேண்டும். அப்படிப்பட்ட நிறுவனத்தின் திட்ட முதலீடு 1,000 கோடி ரூபியாவுக்கு (இந்தோனேசிய நாணயம்) மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. நிலத்தையும் கட்டடத்தையும் அதில் கணக்குக் காட்டலாமா என்பது தொழில் வகையைப் பொறுத்தது. பின்னால் நான் போடும் கணக்குப்படி உங்கள் திட்டம் அந்தத் தொகையைத் தொடவே இல்லை. அப்படியானால் முகவர் யாருடைய உரிமத்தில் வில்லாவை நடத்தப் போகிறார்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

"கடலைப் பார்த்தபடி" என்ற சொல்லுக்கும் விலை உண்டு. கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் எட்டும் உச்சக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாகக் குறைந்தது 100 மீட்டர், கடற்கரைப் பாதுகாப்புப் பட்டை. இது 2016இன் 51ஆம் எண் அதிபர் ஆணை. அந்தப் பட்டைக்குள் நிலச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சான்றிதழ் இருக்கும், வில்லா கட்ட அனுமதி கிடைக்காது. பல வருடம் கட்டி நடத்திய பிறகும் அனுமதிப் பிரச்சினை திரும்பி வரும் என்பதற்கு பாலியே சாட்சி. 2025 ஜூலையில் பிங்கின் கடற்கரையில் அரசு நிலத்தில் இருந்த 48 கட்டடங்களை அரசு இடித்தது. கடல் பக்கம் கட்ட நான் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1977 ஆகஸ்ட் 19 அன்று சும்பாவுக்குத் தெற்கே ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தில் எழுந்த சுனாமி, சும்பாவின் கரையையும் பக்கத்துத் தீவான சும்பாவாவின் கரையையும் அடித்தது. அந்தத் தீவின் பழைய கிராமங்கள் பலவும் குன்றின் மேல்தான் இருக்கின்றன. எதிரிகளுக்குப் பயந்து அமைத்தது அந்த வழக்கம், ஆனால் கடலுக்கும் அது பொருந்துகிறது. அரை மணி நேரம் நடந்தால் கடல், வீட்டிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு என்று இருக்கும் நிலம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒரு மாதம் தங்க வருகிறவருக்கு அதுவே போதும்.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். சும்பாவில் நிலம் ஒரு ஆளுடையது இல்லை, கபிசுவுடையது. கபிசு என்றால் குலம். மரப்பு என்ற மூதாதையர் வழிபாடு இன்னும் உயிரோடு இருக்கும் தீவு அது. பெரிய கல்லறைகள் வீட்டு வாசலிலேயே நிற்கும், குலத்தின் நிலம் இறந்தவர்களுக்கும் சொந்தம். அண்ணன் ஒருவர் தன் பெயரில் சான்றிதழ் எடுத்து உங்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம். தம்பிகளும் சித்தப்பா பிள்ளைகளும் அதை ஏற்கவில்லையென்றால், காகிதத்தில் நீங்கள் ஜெயித்தாலும் அந்த நிலத்தில் நிம்மதியாக ஒரு இரவு தூங்க முடியாது. 2018 ஏப்ரலில் மேற்கு சும்பாவின் மரோசி கடற்கரையில், சுற்றுலாவுக்கென வாங்கிய நிலத்தை அளக்க வந்தபோது கிராமத்தார் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் உயிர் போனது. அந்த வழக்கின் நியாயங்களை நான் இங்கே தீர்க்கவில்லை. கடலோர நிலம் அங்கே எவ்வளவு கனமான பொருள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும் வெளியூர் முதலீட்டாளர்கள்மேல் தீவில் ஏற்கெனவே கோபம் உண்டு. அரசுக்கும் அது தெரியும். பதிவான உரிமை பெற்று இரண்டு ஆண்டு பயன்படுத்தாமல் போட்ட நிலத்தைக் கைவிடப்பட்ட நிலமாக அறிவித்து எடுத்துக்கொள்ள அரசாணை இடம் தருகிறது. "இப்போது வாங்கிப் போடுங்கள், விலை ஏறியதும் பார்க்கலாம்" என்ற யோசனையை அதனால்தான் நான் ஏற்பதில்லை.

பணக் கணக்கு. உங்கள் திட்டத்தை உதாரணத்துக்கு இப்படி எடுத்துக்கொள்வோம்: குத்தகை 150 கோடி ரூபியா, கட்டுமானம் 450 கோடி, மொத்தம் 600 கோடி. முகவரின் 15 சதவீதம் என்றால் வருடத்துக்கு 90 கோடி. அவர் சொன்னது முழுக்க உண்மை என்றே கொள்வோம். சாலை, அனுமதி, கட்டுமானம் என்று முதல் மூன்று வருடம் வருமானம் இருக்காது. பிறகு 27 வருடம் 90 கோடி வரும், முடிவில் கட்டடமும் நிலமும் கைவிட்டுப் போகும். இதைச் சரியாகக் கணக்கிட்டால் ஆண்டு வருவாய் 10 சதவீதத்துக்குச் சற்று மேல். மீதி, உங்கள் முதலையே உங்களுக்குத் தவணையாகத் திருப்பித் தருவது. குத்தகை நிலம் ஒவ்வொரு வருடமும் கரைகிற சொத்து. 12 வருடம் கழித்து விற்க நினைத்தால், மிச்சம் 18 வருடத்தை வாங்க வரிசையில் ஆள் நிற்கும் சந்தை சும்பாவில் இல்லை.

முகவரின் 90 கோடிக்குப் பின்னால் நாளைக்கு 40 லட்சம் வாடகை, வருடத்தில் 70 சதவீத நாட்கள் நிறைந்திருக்கும் என்ற ஊகம் இருக்கிறது. நிதானப் பயணி நாள் வாடகை தரமாட்டார். மாதத்துக்குத் தங்குகிறவர் மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் கேட்பார், அது நியாயமும்கூட. 26 லட்சம், 40 சதவீத நாட்கள் என்று வையுங்கள்: வருடத்துக்கு 38 கோடி. இதில் முன்பதிவுத் தளத்துக்கும் மேற்பார்வைக்கும் 30 சதவீதம் போனால் 11 கோடிக்கு மேல். சம்பளம், தண்ணீர், டீசல் 10 கோடி. உப்புக்காற்றில் நிற்கும் கட்டடத்தைப் பராமரிக்க, கட்டுமானச் செலவில் 3 சதவீதம் என்றாலும் 13 கோடிக்கு மேல். கையில் நிற்பது மூன்று கோடி. போட்ட 600 கோடியை வட்டியில்லாமல் திருப்பி எடுக்கவே வருடத்துக்கு 22 கோடி வேண்டும். என் ஊகங்கள் கடுமையாகத் தோன்றலாம். உங்கள் எண்களை வைத்து நீங்களே மாற்றிப் பாருங்கள். நாள் வாடகையைவிட, நிறைந்திருக்கும் நாட்களின் சதவீதம்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போடும்.

அப்படியென்றால் சும்பாவில் நல்லது எதுவுமே நடக்காதா? நடந்திருக்கிறது. 1988இல் கிளாட் கிரேவ்ஸ், பெட்ரா என்ற தம்பதி அலைச்சறுக்குக்கு ஏற்ற அலை தேடி அந்தத் தீவுக்கு வந்து, கரையில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். நிஹிவாத்து என்று அவர்கள் தொடங்கிய விடுதி விருந்தினரை வரவேற்கவே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. 2001இல் சும்பா அறக்கட்டளை தொடங்கி, சுற்றுக் கிராமங்களில் கிணறும் மலேரியா சிகிச்சையும் கொண்டு வந்தார்கள். 2012இல் அமெரிக்க முதலீட்டாளர் கிறிஸ் பர்ச் அதை வாங்கினார். இப்போது நிஹி சும்பா எனப்படும் அந்த விடுதியை 2016, 2017 இரண்டு ஆண்டும் உலகின் சிறந்த விடுதியாக டிராவல் அண்ட் லெஷர் இதழ் தேர்ந்தெடுத்தது. இதைக் காட்டித்தான் பக்கத்து நிலங்களை விற்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் பல வருடக் காத்திருப்பும், கிராமத்தாரோடு உட்கார்ந்து பேசிய பேச்சும் இருப்பதை யாரும் விலைப்பட்டியலில் போடுவதில்லை.

நிதானப் பயணத்துக்குச் சும்பா ஏற்ற தீவு என்று நான் மனதார நம்புகிறேன். தாம்போலாகாவுக்கும் வைங்காப்புவுக்கும் பாலியிலிருந்து விமானம் வருகிறது. கிழக்கே இகாட் நெசவு நடக்கும் கிராமங்களில் ஒரு துணி முடிய மாதக்கணக்கில் ஆகும். நூலைக் கட்டிச் சாயம் போடுவதிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் மூன்று நாள் பயணம் எதற்கும் பற்றாது. பிப்ரவரி, மார்ச்சில் பசோலா, குதிரை வீரர்கள் ஈட்டியெறியும் சடங்கு. கடற்புழு கரைக்கு வருவதைப் பார்த்து ராத்தோ எனப்படும் பூசாரிகள்தான் நாள் குறிப்பார்கள், அதனால் முன்கூட்டியே தேதி வைத்துக்கொண்டு வருகிறவர் தவறவிடக்கூடும், மாதக்கணக்கில் தங்குகிறவருக்கு அது வாய்க்கும். இப்படி வருகிறவருக்கு வேண்டியது நிழல், காற்று, நல்ல சமையலறை, இணையம். 2024 மே மாதம் ஸ்டார்லிங்க் இந்தோனேசியாவுக்கு வந்த பிறகு இணையம் முன்போலப் பெரிய தடையாக இல்லை. மருத்துவம் இன்னும் தடைதான். மலேரியா இருக்கிறது, பெரிய சிகிச்சை என்றால் பாலிக்குப் பறக்க வேண்டும். அதை விருந்தினரிடம் மறைக்காமல் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 50 ஆரே எடுக்கமாட்டேன். 15 ஆரே போதும், கடலிலிருந்து உள்ளே தள்ளி. நீச்சல் குளம் வேண்டாம், அந்த இடத்தில் மழைநீர்த் தொட்டி. ஏற்கெனவே உரிமமும் பிடி பிஎம்ஏவும் வைத்து நேர்மையாக நடத்திவரும் ஒரு சிறு விடுதியில் பங்குதாரராகச் சேர முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் அந்த 1,000 கோடி விதி தனி வில்லாக்காரரைத் தவறான வழிக்குத் தள்ளிவிடுகிறது. குத்தகைதான் என்றால், பணத்தை முப்பது வருடத்துக்கும் ஒரே தவணையில் கொடுக்காமல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கும்படி கேட்பேன். குத்தகை எடுக்கிறவருக்கு ஆபத்து குறையும். நிலக்காரர் குடும்பத்திலும், இன்று எருமையும் மோட்டார் சைக்கிளுமாகக் கரைந்துபோகும் பணம், இன்று பிறக்கும் பிள்ளை படித்து முடிக்கும்வரை வந்துகொண்டிருக்கும். ஒப்பந்தத்தில் கணவன் மனைவி இருவர் கையெழுத்தும், சகோதரர்கள் எல்லோர் கையெழுத்தும், கிராமத் தலைவர் சாட்சியும் இருக்க வேண்டும். வரைவை இந்தோனேசிய மொழியில் எழுதி, கூடியிருக்கும் குலத்தாருக்கு அவர்கள் பேச்சிலேயே வாசித்துக் காட்டச் சொல்வேன். இதற்குத் தரகருடைய நோட்டாரிஸ் வேண்டாம், நீங்களே ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

முகவர் "இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம்" என்று கேட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். செப்டம்பர் கடைசியில் போய், வைக்காபுபாக் என்ற ஊரில் ஒரு அறை எடுத்து ஆறு வாரம் தங்குங்கள். அந்த நிலத்துக்கு முகவர் இல்லாமல் போய், பக்கத்தில் மாடு மேய்க்கிறவரிடம் இது யாருடைய நிலம் என்று கேளுங்கள். மூன்று பேரிடம் கேட்டு மூன்று பேரும் ஒரே பெயரைச் சொன்னால், அந்தப் பெயருக்குரிய வீட்டைத் தேடிப் போங்கள். வெற்றிலையும் பாக்கும் கொண்டு போவது அங்கே மரியாதை.